கைவிட வேண்டிய விதிகளும் கைவிட்டிருக்கக் கூடாத விதிகளும்

பாத்திரமேற்பு மேசை விளையாட்டு என்பது, சிலர் ஒரு மேசையைச் சுற்றி அமர்ந்து ஆளுக்கொரு கற்பனைப் பாத்திரத்தை ஏற்றுப் பேச, ஆட்ட நடத்துநர் ஒருவர் அப்பாத்திரங்கள் உலவும் உலகத்தை விவரிக்க, ஐயத்துக்குரிய செயல்களின் விளைவைப் பகடை முடிவுசெய்யும் விளையாட்டாகும். கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னிசனும் உருவாக்கி, அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்து லேக் ஜெனீவாவிலிருந்து 1974-இல் மூன்று சிறு நூல்களாக வெளியிடப்பட்ட ‘டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்’ இவ்வகையில் அச்சேறி விற்பனைக்கு வந்த முதல் விளையாட்டு. பொம்மைப் படைகளை நகர்த்தி ஆடும் போர் விளையாட்டுகளிலிருந்து, குறிப்பாக 1971-இல் வெளிவந்த ‘செயின்மெயில்’ என்னும் விதிநூலிலிருந்து, அது கிளைத்தது. அந்தப் பிறப்பின் தழும்புகளான பல விதிகளில் எவற்றை நீக்கலாம், எவற்றைக் காக்க வேண்டும் என்னும் விவாதம் ஐம்பது ஆண்டுகளாகத் தொடர்கிறது. ஒரு விதி விந்தையாகத் தோன்றுகிறதா, பழக்கப்பட்டதாகத் தோன்றுகிறதா என்று பார்த்தே இவ்விவாதம் பெரும்பாலும் நடந்திருக்கிறது. அவ்விதி மேசையைச் சுற்றி இருப்போரை என்ன செய்ய வைக்கிறது என்பது போதிய அளவு கேட்கப்படவில்லை.

நீக்கப்பட்டது முற்றிலும் சரியே என்று கூறத்தக்க விதிகள் சில உண்டு. கவச எண் என்பது ஒரு பாத்திரத்தைத் தாக்குவது எவ்வளவு கடினம் என்பதைக் காட்டும் எண். 1974-இன் விதிப்படி கவசமில்லாதவருக்கு 9, முழு உலோகக் கவசமும் கேடயமும் உடையவருக்கு 2 என்று, காப்பு வலுக்க வலுக்க அது குறைந்துகொண்டே சென்றது. 1989-இல் வந்த இரண்டாம் பதிப்பு, கவச எண் சுழியாக உள்ளவரைத் தாக்கத் தேவையான பகடை எண்ணை அடிப்படையாகக் கொண்டு, அதிலிருந்து எதிரியின் கவச எண்ணைக் கழிக்கச் சொன்னது. கவச எண் சுழிக்குக் கீழே இறங்கினால் கழித்தல் கூட்டலாக மாறியது. மூன்றாம் பதிப்பு 2000-இல் இம்முறையைத் தலைகீழாக்கி, பகடையில் விழுந்த எண்ணோடு தாக்குதல் திறனைக் கூட்டிக் கவச எண்ணை எட்டினால் போதும் என்று வகுத்தபோது, ஆட்டத்தின் சுவை எதுவும் குன்றவில்லை, கணக்கின் சுமை மட்டுமே குறைந்தது. 1978-இல் வந்த, அதே விளையாட்டின் ‘அட்வான்ஸ்டு’ வடிவத்துக்கான ஆட்டக்காரர் கையேடு மனித ஆண் போர்வீரரின் உடல்வலிமை எட்டக்கூடிய உச்சத்தைப் பெண் போர்வீரருக்கு மறுத்த விதியோ வேறு வகையைச் சேர்ந்தது. டிராகன்கள் பறக்கும் உலகில் அது எந்த ஆட்டப் பயனையும் தராமல், மேசைக்கு வந்த பெண்களுக்கு அவமதிப்பை மட்டுமே தந்தது. இரண்டாம் பதிப்பில் அது மறைந்தது.

மனிதரல்லாத இனத்தவர் பாத்திர வளர்ச்சிப் படிகளில் குறிப்பிட்ட நிலைக்கு மேல் உயரலாகாது என்ற பழைய தடையும் நீங்க வேண்டியதாகவே இருந்தது. மனிதர்களே மையமாக உள்ள உலகத்தைக் காப்பதற்காக அது வகுக்கப்பட்டது. ஆயினும், தடை குறுக்கிடும் உயர்நிலைகளைப் பல குழுக்கள் எட்டுவதே இல்லை என்பதால், நோக்கம் நிறைவேற வேண்டிய இடத்தில் அது செயல்படவே இல்லை.

பழக்கத்தின் வலிமையால் மட்டுமே இன்றும் நிலைத்திருக்கும் விதிக்குச் சிறந்த சான்று, பாத்திரத்தின் ஆறு அடிப்படைத் திறன்களையும் 3 முதல் 18 வரையிலான எண்ணால் அளப்பதாகும். மூன்று அறுமுகப் பகடைகளை உருட்டிக் கிடைக்கும் கூட்டுத்தொகையே அந்த எண். தொடக்கப் பதிப்புகளில் அதற்கென்று தனிப் பயன் இருந்தது, இருபது முகப் பகடையில் அந்த எண்ணுக்கு மேற்படாமல் உருட்டினால் செயல் நிறைவேறும் என்று 1981-இன் அடிப்படைப் பதிப்பு வழிகாட்டியது. மூன்றாம் பதிப்பு முதல், அந்த எண்ணிலிருந்து பத்தைக் கழித்து இரண்டால் வகுத்துப் பெறும் சிறிய திருத்த எண்ணே ஏறக்குறைய எல்லா வீச்சுகளிலும் கூட்டப்படுகிறது. மூல எண் தாளில் எழுதப்பட்டு அப்படியே உறங்குகிறது. புதிதாக ஆட வருபவர் முதல் நாளில் தடுமாறும் இடங்களில் இது ஒன்று. வலிமை 16 என்று எழுதிவிட்டு, ஏன் 3 மட்டும் கூட்ட வேண்டும் என்று அவர் கேட்கும்போது, மரபு என்பதைத் தவிர வேறு விடை இல்லை. இதே மரபில் பிறந்த ‘பாத்ஃபைண்டர்’ இரண்டாம் பதிப்பு, 2023-இல் திருத்தி வெளியிடப்பட்டபோது மூல எண்ணை முற்றிலும் நீக்கித் திருத்த எண்ணை மட்டும் வைத்துக்கொண்டது. அதனால் விளையாட்டு எவ்வகையிலும் சிதையவில்லை.

அறச்சார்பு விதியின் வரலாறு சற்றுச் சிக்கலானது. 1974-இல் ஒழுங்கு, நடுநிலை, குழப்பம் என்ற மூன்றே சார்புகள் இருந்தன. அவை ஒருவரின் மனப்பாங்கைவிட, பெரும்போர் ஒன்றில் அவர் எந்த அணியில் நிற்கிறார் என்பதையே சுட்டின. 1978-க்குள், நன்மை தீமை என்னும் இரண்டாவது அளவுகோல் குறுக்கே வைக்கப்பட்டு ஒன்பது கட்டங்கள் உருவாயின. அணியைச் சுட்டிய அடையாளம் குணத்தை அளக்கும் கருவியானதும், ஒரு பாத்திரம் தன் கட்டத்துக்கு ஏற்ப நடந்ததா என்ற வழக்கு நடத்துநருக்கும் ஆட்டக்காரருக்கும் இடையே எழத் தொடங்கியது. நல்ல கதைமாந்தர் முரண்பாடுகளால் ஆனவர்; அம்முரண்பாட்டையே குற்றமாகக் கருதும் விதி கதைக்கு எதிரானது. ஒன்பது கட்டங்களை விட்டுவிடுவதே முறை; பெரும்போர் நிகழும் உலகத்தைப் படைக்க விரும்புவோர் பழைய மூன்று அணிகளைத் தாராளமாக வைத்துக்கொள்ளலாம்.

இனி, விந்தையாகத் தோன்றியதாலேயே நீக்கப்பட்ட விதிகளைக் காண வேண்டும். அவற்றுள் தலையாயது, பாத்திரங்கள் புதையல் தேடி இறங்கும் பாதாளத்திலிருந்து வெளியே கொண்டுவரும் ஒவ்வொரு பொற்காசுக்கும், நிலை உயர உதவும் ஓர் அனுபவப் புள்ளி என்பது. பணம் சேர்ப்பதால் வாள்வீச்சு எப்படித் தேறும் என்ற கேள்வி மிக எளிதாக எழுந்தது. இரண்டாம் பதிப்பில் அவ்விதி விருப்ப விதியாகச் சுருங்கி, மூன்றாம் பதிப்பில் இல்லாமலே போயிற்று. அது என்ன செய்துகொண்டிருந்தது என்பதை 1981-இன் கணக்கு காட்டும். கோப்ளின் என்னும் சிறு பூதத்தைக் கொன்றால் 5 புள்ளி. போர்வீரர் இரண்டாம் நிலைக்கு உயர 2,000 புள்ளி வேண்டும். கொலையை மட்டும் நம்பினால் ஒரே வீரர் 400 பூதங்களை வெட்ட வேண்டும், அவரோ இரண்டு மூன்று அடிகளில் வீழக்கூடியவர். ஆகவே அறிவுள்ள ஆட்டக்காரர் சண்டையைத் தவிர்த்தார். பூதங்களோடு பேரம் பேசினார், காவலை ஏமாற்றினார், இரவில் நுழைந்து பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஓடினார். பொன்னுக்கான புள்ளி போய், எதிரிகளை வெல்வதே உயர்வுக்கு முதன்மை வழியானபோது, சண்டையே ஆட்டத்தின் மையத்துக்கு வந்தது. விதிகளில் எவரும் ‘சண்டையிடுக’ என்று எழுதவில்லை; எதற்குப் பரிசு கிடைக்கிறதோ அதையே மனிதர் செய்வர்.

மனவுறுதிச் சோதனையின் இழப்பும் இதற்கு இணையானது. போர் விளையாட்டிலிருந்து வந்த இவ்விதிப்படி ஒவ்வோர் எதிரிக்கும் 2 முதல் 12 வரை ஓர் உறுதி எண் உண்டு. அவர்களில் முதலாமவர் வீழ்ந்தபோதும், பாதிப் பேர் செயலிழந்தபோதும் நடத்துநர் இரண்டு அறுமுகப் பகடைகளை உருட்டி, விழுந்த எண் உறுதி எண்ணைத் தாண்டினால் அவர்களை ஓடவோ சரணடையவோ வைப்பார். எதிரியும் உயிருக்கு அஞ்சுபவர் என்பதை இந்த ஒரு வீச்சு மேசைக்குக் கொண்டுவந்தது. சரணடைந்தவரை என்ன செய்வது என்ற அறக்கேள்வியையும் அதுவே எழுப்பியது. 2000-இல் இது விடுபட்டபின், முடிவு தெரிந்துவிட்ட சண்டைகளும் கடைசி எதிரி விழும்வரை நீண்டன. 2014-இன் ஐந்தாம் பதிப்பில், நடத்துநர் கையேட்டின் விருப்ப விதிகளிடையே மட்டும் அது மீண்டும் தலைகாட்டியது.

பாத்திரம் எவ்வளவு சுமக்கலாம் என்னும் சுமை விதியை நீக்குவதா திருத்துவதா என்பதில் அண்மைக்கால ஆக்கங்கள் நல்ல வழி காட்டியுள்ளன. எடையைக் காசுக் கணக்கிலும் பவுண்டுக் கணக்கிலும் கூட்டிக்கொண்டிருந்த பழைய முறையைப் பலரும் சலித்துக் கைவிட்டனர். கைவிட்டதும், எதை எடுத்துச் செல்வது, எதை விட்டுச் செல்வது என்னும் தேர்வும் உடன் போயிற்று. பென் மில்டனின் ‘நேவ்’, கெல்சி டியோனின் ‘ஷேடோடார்க்’ ஆகியவை பொருளுக்கு இத்தனை இடம் என்று எண்ணி, பாத்திரம் சுமக்கும் இடங்களுக்கு எல்லை வகுத்து, அத்தேர்வைக் கணக்கின்றி மீட்டன. நோக்கம் நல்லதாகவும் வடிவம் தளர்ந்ததாகவும் உள்ள விதிக்கு நீக்கம் மருந்தன்று என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று தேவையில்லை.

எனவே, விதிநூலைத் திருத்துவோரும் தம் மேசைக்கென விதி வகுத்துக்கொள்ளும் நடத்துநர்களும், ஒரு விதியை அடிப்பதற்குமுன் அதைச் சில அமர்வுகளில் உள்ளபடியே நடத்தி, ஆட்டக்காரர் அதனால் வேறுவிதமாக நடக்கின்றனரா என்று பார்க்க வேண்டும். 2024-இல் திருத்தப்பட்ட ஆட்டக்காரர் கையேடும் 3 முதல் 18 வரையிலான எண்களைத் தக்கவைத்துள்ளது. அடுத்த பதிப்பில் அவை போகட்டும், மனவுறுதிச் சோதனை போர் விதிகளின் நடுவே தன் பழைய இடத்தைப் பெறட்டும்.