மண் வளர்த்த மட்டை: இந்திய கோல்ஃபின் பள்ளிகள்

இந்திய கோல்ஃபைப் பற்றிப் பேச்செடுத்தால் கல்கத்தாவில்தான் தொடங்க வேண்டும். 1829-இல் அங்கே தோன்றிய கிளப், பிரிட்டிஷ் தீவுகளுக்கு வெளியே உள்ளவற்றில் மிகப் பழையது. 1911-இல் ஐந்தாம் ஜார்ஜ் வந்துபோனதை ஒட்டி ‘ராயல்’ என்ற அடைமொழியும் அதற்குக் கிடைத்தது. அந்தக் கிளப் 1892-இல் ஓர் அமெச்சூர் சாம்பியன்ஷிப்பைத் தொடங்கியது. பிரிட்டனின் அமெச்சூர் போட்டி அதற்கு ஏழு வயது மூத்தது. அமெரிக்காவின் போட்டியோ மூன்று வயது இளையது. இவ்வளவு பழைய ஆட்டத்தில் நமக்கென்று பாணிகள் உண்டா? உண்டு. சங்கீதத்தில் பாணி குருவிடமிருந்து வரும். இந்த ஆட்டத்தில் அது பெரும்பாலும் மைதானத்திலிருந்து வருகிறது.

கல்கத்தா மைதானம் தட்டையானது. மேடு பள்ளம் இல்லாத அந்த நிலத்தில் மழைநீர் வடிவதற்கு வெட்டிய குளங்களே ஆட்டக்காரருக்குப் பெரிய எதிரி. தண்ணீருக்கு எந்தப் பக்கம் பந்தை இறக்கலாம் என்று கணக்குப் போட்டு அடிக்கிற பழக்கம் அங்கே வளர்ந்தவர்களுக்கு இயல்பாக வந்துவிடும்.

டெல்லி கோல்ஃப் கிளப் வேறு ரகம். பழைய கல்லறை மண்டபங்களும் மயில்களும் சூழ்ந்த அந்த மைதானத்தில் ஃபேர்வே என்ற புல்பாதையின் இருபுறமும் முட்புதர்கள் நெருக்கும். புதருக்குள் போன பந்தைத் தேடுவது வீண் வேலை. அதனால் கைதேர்ந்த தொழில்முறை ஆட்டக்காரர்கள்கூடப் பல குழிகளில் டிரைவர் என்ற நீண்ட மட்டையைப் பையிலேயே விட்டுவிட்டு, சிறிய மட்டையால் நேராக அடிக்கிறார்கள். தூரத்தை விட்டுக்கொடுத்து நேர்கோட்டை வாங்கிக்கொள்வதுதான் டெல்லிப் பள்ளி.

சென்னைக்கு வந்தால் ஆசிரியர் காற்று. மெட்ராஸ் ஜிம்கானா கிளப்பின் மைதானம் கிண்டி குதிரைப் பந்தயத் தடத்தின் உட்புறத்தில் அமைந்தது. கோடைக்காலத்தில் காலையில் மேற்கிலிருந்து அனல்காற்று வீசும். மதியத்துக்கு மேல் கிழக்கிலிருந்து கடற்காற்று ஏறும். காலையில் முதுகில் காற்றை வாங்கி எளிதாக எட்டிய கிரீன் (குழியைச் சுற்றிய குட்டைப் புல்தரை), மாலையில் காற்றை எதிர்த்து ஆடும்போது இரண்டு படி பெரிய மட்டையைக் கேட்கும். பந்தைத் தாழ்வாக ஓட்டத் தெரியாதவருக்கு இங்கே மாலை ஆட்டம் திண்டாட்டம்தான். நந்தனத்தில் காஸ்மோபாலிட்டன் கிளப்பின் மைதானத்திலும் இதே கடற்காற்றுதான் பாடம் நடத்துகிறது.

மலைக்குப் போனால் கணக்கே மாறிவிடும். ஊட்டியும் கொடைக்கானலும் ஏழாயிரம் அடி உயரத்தில் இருக்கின்றன. காற்று அங்கே மெலிது. பந்து ஏறத்தாழ எட்டு சதவீதம் கூடுதலாகப் பறக்கும். கீழே 150 யார்டு போகிற அடி மேலே 160-ஐத் தாண்டும். அதோடு சரிவு வேறு: ஒரு கால் மேலே, ஒரு கால் கீழே என்று நின்றுகொண்டு அடிக்க வேண்டும். 1895-இல் தொடங்கிய கொடைக்கானல் கோல்ஃப் கிளப்பில் காட்டெருமைகள் வந்து மேய்வதும் உண்டு. அவை நகரும்வரை ஆட்டம் காத்திருக்க வேண்டியதுதான். இலங்கையில் 1889-இல் தொடங்கிய நுவரெலியா மைதானமும் இதே மலைப் பள்ளியைச் சேர்ந்தது.

புல்லே இல்லாத பள்ளி ஒன்றும் உண்டு. தண்ணீருக்கும் பராமரிப்புக்கும் வழியில்லாத சின்ன ஊர்களிலும் ராணுவக் குடியிருப்புகளிலும் கிரீனுக்குப் பதிலாக ‘பிரவுன்’ இருக்கும். சலித்த மணலில் பழைய எண்ணெயைக் கலந்து இறுக்கிய வட்டம் அது. உங்களுக்கு முன்னால் ஆடியவரின் கால்தடம் அதில் அப்படியே பதிந்திருக்கும். பந்தைக் குழிக்குள் தட்டுவதற்கு (பட்) முன் ஒருவர் வந்து, பந்துக்கும் குழிக்கும் இடையே உள்ள மணலை இழுத்துச் சமன் செய்து பாதை போட்டுக் கொடுப்பார். புல்லின் சாய்வைப் படிக்கிற கலைக்கு அங்கே வேலையில்லை. துணிந்து நேராகத் தட்டத் தெரிய வேண்டும். பிரவுனில் பழகியவரை முதன்முறையாக நல்ல கிரீனில் விட்டால் பந்து குழியைத் தாண்டி ஓடும். ஆனால் ஆறடி தூரத்து பட்டில் அவர் கை நடுங்காது.

பள்ளிகள் இப்படிப் பலவாக இருக்க, தரத்தை அளக்கும் கோல் எது? வழக்கமான அளவுகோல் ஹேண்டிகேப். பலவீனமானவருக்குச் சலுகை கொடுத்து, பலசாலியோடு சமமாக ஆட வைக்கிற கணக்கு அது. அமெச்சூர் சாம்பியன்ஷிப்பில் அந்தச் சலுகை கிடையாது. மேட்ச் பிளே முறையில் இருவர் நேருக்கு நேர் நின்று ஒவ்வொரு குழியாக வெல்ல வேண்டும். ஒரு குழியில் ஒன்பது அடி அடித்துச் சொதப்பினாலும் இழப்பது அந்தக் குழியை மட்டுமே. அடுத்த குழியில் புதிதாகத் தொடங்கலாம். மறக்கத் தெரிந்தவரே இதில் நிலைப்பார்.

அமெச்சூர்களின் உச்சம் எதுவரை போனது என்பதற்கு இரண்டு சான்றுகள் போதும். ஆஸ்திரேலியாவின் பீட்டர் தாம்சன் முனைந்து ஏற்படுத்திய இந்தியன் ஓப்பனை, 1964-இல் அவரே முதலில் வென்றார். மறு ஆண்டே பில்லூ சேத்தி என்ற அமெச்சூர் தொழில்முறை ஆட்டக்காரர்களை முந்தி அந்தக் கோப்பையை எடுத்தார். அவருக்குப் பிறகு எந்த அமெச்சூரும் அதை வெல்லவில்லை. 1982 டெல்லி ஆசியப் போட்டியில் கோல்ஃப் முதன்முறையாகச் சேர்க்கப்பட்டபோது லக்ஷ்மண் சிங் தனிநபர் தங்கமும், ராஜீவ் மோத்தா வெள்ளியும் வென்றனர்; இந்திய அணியும் தங்கம் வென்றது.

இந்தப் பெருமை வரலாற்றின் ஒரு பாதிதான். அமெச்சூர் போட்டியில் நுழையக் கிளப் வழியாக ஹேண்டிகேப் வேண்டும். கிளப்பில் உறுப்பினராகப் பணமும் பரிந்துரையும் வேண்டும். பை தூக்கிய கேடிக்கு இரண்டும் கிடையாது. மைதானத்தின் ஒவ்வொரு சாய்வையும் மனப்பாடமாக அறிந்தவர்கள் அவர்களே. ஆனால் அமெச்சூர் பட்டியலில் அவர்கள் பெயர் ஏற வழியே இருக்கவில்லை. தொழில்முறை ஆட்டம் ஒன்றே அவர்களுக்குத் திறந்திருந்த வாசல்.

அந்த வாசல் வழியாக வந்தவர்களைப் பாருங்கள். டெல்லியில் கேடியாக இருந்த அலி ஷேர் 1991-இல் இந்தியன் ஓப்பனை வென்ற முதல் இந்தியத் தொழில்முறை ஆட்டக்காரர் ஆனார். 1993-இல் மறுபடியும் வென்றார். ராயல் கல்கத்தாவில் புல் பராமரித்தவரின் மகன் எஸ்.எஸ்.பி. சௌராசியா, யாரிடமும் முறையாகப் பயிலாமல் அந்த மைதானத்திலேயே வளர்ந்து, 2016, 2017 என இரண்டு ஆண்டுகள் தொடர்ந்து இந்தியன் ஓப்பனை எடுத்தார். தூரமாக அடிப்பவர் என்ற பெயர் அவருக்கு இல்லை. கிரீனைச் சுற்றி அவர் ஆடும் சிப் என்ற குட்டையடி, கிரீனில் தட்டும் பட் இரண்டும்தான் அவருடைய சொத்து.

நீண்ட ஆட்டவாழ்வின் ரகசியமும் தூரத்தில் இல்லை. மோவ் என்ற ராணுவ ஊரைச் சேர்ந்த முகேஷ் குமார் உள்நாட்டில் நூற்றுக்கு மேற்பட்ட பட்டங்களைக் குவித்தவர். ஆசிய டூரில் தம் முதல் பட்டத்தை அவர் வென்றது 2016-இல். அப்போது அவருக்கு வயது 51. எதிரே நின்றவர்களில் பலர் அவருக்குப் பிள்ளை வயது. போட்டி நடந்ததோ தூரத்தைவிட நேர்கோட்டை மதிக்கிற டெல்லி மைதானத்தில். தோளின் வேகம் ஐம்பதில் குறையும். ஆனால் எங்கே அடிக்கக்கூடாது என்ற அறிவு வயதோடு கூடும்.

கதவு சற்றே திறந்தால் என்ன நடக்கும் என்பதை அதிதி அசோக் காட்டினார். கோல்ஃப் ஆடும் குடும்பம் அல்ல அவருடையது. பெங்களூரில் பயிற்சித் திடலுக்கு அருகே உணவருந்தப் போன இடத்தில் ஆட்டத்தைப் பார்த்து, ஐந்து வயதில் மட்டையைப் பிடித்தவர். டோக்கியோ ஒலிம்பிக்கில் ஒரே அடியில் வெண்கலத்தைத் தவறவிட்டு நான்காம் இடம் பெற்றார்.

பதினெட்டுக் குழி மைதானத்துக்கு நூறு ஏக்கர் அளவுக்கு நிலம் வேண்டும். பெருநகரத்தின் நடுவே அவ்வளவு நிலத்தைச் சில ஆயிரம் பேருக்காக வைத்திருப்பது ஏன் என்ற கேள்வி இனி எல்லா ஊரிலும் எழும். ஜிம்கானா மைதானத்தை உள்ளடக்கிய கிண்டிப் பந்தயத் திடலின் குத்தகையை 2024-இல் தமிழக அரசு ரத்து செய்தபோது சென்னையில் எழுந்ததும் அதே கேள்விதான். பழம்பெருமையைச் சொல்லி அதற்குப் பதில் தர முடியாது. கேடிகளின் பிள்ளைகளுக்கும் அரசுப் பள்ளி மாணவர்களுக்கும் வாரத்தில் சில மணி நேரம் மைதானத்தைத் திறந்து, அவர்களுக்கும் ஹேண்டிகேப் வழங்கி, மாநில அமெச்சூர் போட்டியில் ஆட இடம் கொடுக்கிற கிளப்புக்குத்தான் சொல்வதற்கு ஒரு பதில் இருக்கும். நம் அமெச்சூர் சாம்பியன்ஷிப்பும் அப்போதுதான் நாட்டின் முழுத் தரத்தையும் அளக்கும்.