சுருக்கமும் குறைவும்

கற்றோர் எழுதுவது மற்றோர்க்கு விளங்காதிருப்பதே புலமைக்கு அடையாளம் என்னும் எண்ணம் நம்மிடையே இன்னும் ஒழிந்தபாடில்லை. தோட்ட மக்களின் வாழ்வைப் பற்றி நம் சர்வகலாசாலை மாணவர் எழுதிய ஆராய்ச்சி வியாசங்கள் சிலவற்றை வாசிக்கும் வாய்ப்பு நமக்குக் கிட்டியது. அவற்றில் உழைப்பு உண்டு, ஆர்வமும் உண்டு. ஆயினும், கருத்தைத் தேடிப் புகுவோர் சொற்காட்டிலே வழி தவறுகின்றனர்.

“தோட்டத்தில் வேலை குறைந்தது” என்று கூறவேண்டிய இடத்தில், “தோட்டப்புறத் தொழில்வாய்ப்பு நிலையில் ஒருவகைச் சரிவுத்தன்மை தென்படுவதாகக் கருத இடமுண்டு” என்பதுபோல் எழுதுகின்றனர். எந்தத் தோட்டம்? எந்த ஆண்டு? எத்தனை பேருக்கு வேலை போயிற்று? ஒன்றும் தெரியவில்லை. வாக்கியம் நீளுந்தோறும் விஷயம் ஒளிந்துகொள்கிறது. அறியாததை அறிந்ததுபோற் காட்டுவதற்கு நீண்ட வாக்கியத்தைப்போல் உதவும் போர்வை வேறில்லை.

இந்நோய்க்கு மருந்து தேடி மேனாடு செல்லவேண்டுவதில்லை. 13ஆம் நூற்றாண்டில் நன்னூல் செய்த பவணந்தியார் நூலுக்குரிய அழகுகள் பத்தையும் குற்றங்கள் பத்தையும் வகுத்துள்ளார். அழகுகளுள் முதலிரண்டு, சுருங்கச் சொல்லலும் விளங்க வைத்தலும் ஆம். குற்றங்களுள் முதலிரண்டு, குன்றக் கூறலும் மிகைபடக் கூறலும் ஆம். சுருக்கத்தை அழகென்று கொண்டவரே குறைவைக் குற்றங்களின் தலையில் வைத்தார் என்பதை மாணவர் ஊன்றி நோக்க வேண்டும். இரண்டையும் ஒன்றென மயங்குவோர் பலர்.

இவ்வேறுபாட்டை ஒரே கட்டுரையில் காணலாம். 1953ஆம் ஆண்டு ஏப்ரல் 25ஆம் நாள் ‘நேச்சர்’ என்னும் ஆங்கிலச் சஞ்சிகையில் வாட்சன், கிரிக் என்னும் இருவர் மரபுக்கு அடிப்படையான டி.என்.ஏ.யின் அமைப்பை வெளியிட்டனர். கட்டுரையின் நீளம் ஒரு பக்கத்திற்குச் சற்று மிகுதி, படம் ஒன்றே. தாம் கூறவந்தது யாது என்பதை முதல் வாக்கியத்திலேயே கூறிவிடுகின்றனர். பாலிங், கோரி என்னும் அறிஞர் முன்னர்க் கூறிய அமைப்பை இரண்டே காரணங்காட்டி மறுக்கின்றனர். பின்னர்த் தமது அமைப்பை விளக்குகின்றனர். மரபுப் பொருள் தன்னைத்தானே எவ்வாறு படியெடுக்கக்கூடும் என்னும் பெரும்பொருளுக்கு ஒரே வாக்கியந்தான் ஒதுக்கினர். அதன் விரிவை அடுத்த மாதம் தனிக்கட்டுரையாக எழுதினர். தற்புகழ்ச்சி இல்லை, கூறியது கூறலும் இல்லை. சுருங்கச் சொல்லலுக்கு இதனினும் சிறந்த சான்று அரிது.

ஆனால் அக்கட்டுரையிலேயே குன்றக் கூறலும் உண்டு. ரோசலிண்ட் பிராங்க்ளின் என்னும் பெண்மணி எக்ஸ்ரே கொண்டு செய்த ஆராய்ச்சியின் பயனை, அவர் அறியாமலே அவ்விருவரும் பெற்றிருந்தனர். அக்கடனைக் கட்டுரையின் இறுதியில், பிறர் பெயரோடு சேர்த்து, பொதுப்படையான சொற்களால் கடந்துபோயினர். அம்மையாரின் கட்டுரை அதே இதழில் வெளிவந்தது உண்மையே. ஆயினும் அவருக்கு அவர்கள் எவ்வளவு கடன்பட்டனர் என்பது வாசித்தவர்க்கு விளங்கவில்லை. அவர் 1958இல் மறைந்தார். 1962இல் நோபல் பரிசு வாட்சன், கிரிக், வில்கின்ஸ் ஆகிய மூவருக்குச் சென்றது. மேலும் இரண்டு வாக்கியம் எழுதியிருந்தால் கட்டுரை கெட்டிராது, நீதி பிழைத்திருக்கும்.

நம் மாணவர் வியாசங்களிலோ இவ்விரு குற்றங்களும் ஒருங்கே குடிகொண்டுள்ளன. முன்னுரையிலே பேராசிரியர் புகழ் ஒன்றரைப் பக்கம். தமிழின் தொன்மை மூன்று பக்கம். எத்தனை வீடுகளில் விசாரித்தனர், யார் யார் மறுமொழி கூறினர், எவர் கூற மறுத்தனர் என்பதற்கோ அரை வரியும் இல்லை. மிகவேண்டாத இடத்தில் மிகுகிறது. குறையக்கூடாத இடத்தில் குறைகிறது. பொழுதெல்லாம் உழைத்து ஓய்ந்த நேரத்தில், வந்த மாணவரை அமரவைத்துத் தம் கதையைக் கூறிய கிழவிக்கு அவ்வியாசத்தில் இடமில்லையெனில், அஃது எவர்க்காக எழுதப்பட்டது?

செக்ரோல் எழுதிப் பழகிய கை நம் கை. அதிலே ஆள் பெயர், நாள், எடை இவற்றிற்கே இடமுண்டு, அலங்காரத்திற்கு இடமில்லை. ஆனால் ஒருவர் பெயர் விடுபட்டால் அவர் வீட்டில் அம்மாதச் சம்பளம் குறையும். ஆராய்ச்சிக்கும் இதுவே முறை என்போம்.

ஆதலின் மாணவத் தோழர்களே! அடைமொழியை வெட்டுங்கள், புகழுரையை வெட்டுங்கள், ஒருமுறை கூறியதை மறுமுறை கூறாதீர்கள். சான்றையும், கணக்கையும், பிறர்க்குப் பட்ட கடனையும் மட்டும் வெட்டாதீர்கள். எழுதி முடித்தபின், அவ்வியாசத்தைத் தோட்டத்திலே ஒருவர்க்கு வாசித்துக் காட்டுங்கள். தம் வாழ்வே அதில் எழுதப்பட்டிருக்கிறதென்று அவர் அறிந்துகொள்வாரானால், அதுவே நீங்கள் பெறும் முதற்பட்டம்.