சிற்றாற்றின் இரு முனைகள்: குற்றாலக் குறவஞ்சியும் முக்கூடற்பள்ளும் காட்டும் ஆள்மரபு

ஐந்தருவியின் நீர் சிற்றாற்றில் சேர்ந்து, தென்காசி வயல்களை நனைத்து, சீவலப்பேரியில் பொருநையோடு கலக்கிறது. முக்கூடற்பள்ளு பாடும் முக்கூடல் இச்சீவலப்பேரியே. இன்று அப்பெயரால் வழங்கும் பேரூர் அன்று. ஆற்றின் தலைப்பகுதியைத் திரிகூடராசப்பக் கவிராயரின் குற்றாலக் குறவஞ்சியும் கடைப்பகுதியை முக்கூடற்பள்ளும் பாடுகின்றன. குறவஞ்சி இயற்கை வருணனைக்கும் பள்ளு நகைச்சுவைக்கும் எனப் பிரித்தே இவை பெரிதும் பயிலப்பட்டு வந்துள்ளன. ஒருசேர வைத்து நோக்கின், அவ்வயல்களில் இறங்கியோர் யாருடைய ஆட்கள் என்னும் வினா எழும். அது வாசகரின் சொந்த முன்னோரைப் பற்றிய வினாவும் ஆகும்.

குறவஞ்சியில் சிங்கன் பறவை பிடிக்க வரும் பகுதியில், குற்றாலநாதர்க்குரிய வயல்களும் அவற்றோடு இணைந்த கொடையாளர் பெயர்களும் வரிசையாக இடம்பெறுகின்றன. கொடுத்தவர் பெயர் உண்டு. மேயும் பறவைக்கும் பெயர் உண்டு. நாற்று நட்டவர் பெயர் அங்கு இல்லை. கவிராயரைக் குறைகூற இது போதாது. கொடையைப் பதிவுசெய்வதே அப்பகுதியின் நோக்கம். எனினும் ஒரு குடும்பம் தன் முன்னோரின் கொடைப்பெருமையை இத்தகைய வரிகளில் தேடுமாயின், அக்கொடையை விளைவித்த கைகளை அது அங்குக் காண இயலாது.

அக்கைகள் முக்கூடற்பள்ளில் உள்ளன. அழகக் குடும்பன் இளையாள்மீது கொண்ட மயக்கத்தால் வேலையை மறக்கிறான். மூத்தாள் பண்ணைக்காரனிடம் முறையிடுகிறாள். பண்ணைக்காரன் குடும்பனைத் தொழுவில் மாட்டுகிறான். பின்னர் அவளே மன்றாடி அவனை விடுவிக்கிறாள். இதனைச் சக்களத்திச் சண்டையின் ஒரு திருப்பமாக மட்டும் கொள்வது பொருந்தாது. வேலைக்கு வராதவனின் காலை மரத்தில் பூட்டும் உரிமை பண்ணைக்காரனுக்கு எவ்வாறு வந்தது என நூலில் எவரும் கேட்பதில்லை. கேட்கத் தேவையில்லாத அளவுக்கு அது வழக்கமாயிருந்தது. பண்ணைக்காரனின் உருவத்தைப் புலவர் கடுமையாக எள்ளுகிறார். நூல் முழுதும் சிரிக்கத்தக்கவன் அவனே. ஆயினும் அவன் பூட்டிய மரம் சிரிப்பினால் திறப்பதில்லை. இவ்விடத்தில் பள்ளின் நகைச்சுவை, தான் மறைக்க முயலாத ஒன்றை வாசகர் காணாதிருக்கத் துணைசெய்துவிட்டது எனலாம்.

இலக்கியத்துக்கு வெளியேயும் சான்று உண்டு. ஆ. சிவசுப்பிரமணியனின் ‘தமிழகத்தில் அடிமை முறை’ மனிதர் விற்கப்பட்ட வரலாற்றை ஆவணங்களின் துணையோடு விரித்துரைக்கிறது. கும்பினி ஆட்சிப் பகுதியில் 1843ஆம் ஆண்டின் ஐந்தாம் சட்டம் அடிமைமீதான உடைமையுரிமையை நீதிமன்றங்கள் ஏற்பதைத் தடுத்தது. தென்காசி அதன்கீழ் வந்தது. சில கிலோமீட்டர் மேற்கே, 1956 வரை மலையாளப் பகுதியோடு இருந்த செங்கோட்டையில் திருவிதாங்கூரின் 1855 அறிக்கைவரை அதே உடைமை செல்லுபடியாயிற்று. ஒரே மலையின் அடிவாரத்தில் பன்னிரண்டு ஆண்டு இடைவெளி! கொத்தடிமை முறையை ஒழிக்கும் சட்டம் 1976இல்தான் வந்தது.

இம்மரபை எதிர்கொள்வதில் இரு விலகல்கள் தெரிகின்றன. நிலவுடைமையாளர் வழியினர் பண்ணைக்காரனை வெறும் நகைச்சுவைப் பாத்திரமாக்கிக் கடந்துவிடுகின்றனர். உழைத்தோர் வழியினருள் ஒருசாரார் பள்ளு நூல்களை மருதநிலப் பெருமைக்குச் சான்றாக்கித் தொழுவை ஒதுக்குகின்றனர். இரண்டையும் சமமாக எடையிடல் முறையன்று. பின்னது இழிவைத் திணித்தோர்க்கு எதிரான மறுப்பு. விதையும் மாடும் கலப்பையும் அறிந்த உழவரின் தேர்ச்சி நூலில் உண்மையாகவே உள்ளது. முன்னதற்கு அத்தகைய நியாயம் இல்லை.

பெரியபுராணத்தின் தடுத்தாட்கொண்ட புராணம் இங்கு ஒப்பிடத்தக்கது. பாட்டன் எழுதிய ஆளோலை பேரன் சுந்தரரைக் கட்டுகிறது. அவர் அதனைக் கிழித்தெறிகிறார். கிழிந்தது படியோலை, மூலவோலை திருவெண்ணெய்நல்லூர் அவையில் வெளிப்படுகிறது. அவையத்தார் பாட்டனின் கையெழுத்தை வேறோர் ஓலையோடு ஒப்பிட்டுச் சரிபார்க்கின்றனர். அந்த ஆண்டான் இறைவனாதலின் அடிமை அங்கு அருளாக மாறுகிறது. முக்கூடலில் அம்மாற்றம் நிகழ்வதில்லை. அங்கு ஆண்டான் பண்ணைக்காரன். தொழுவிலிருந்து வெளிவந்த குடும்பன் விதைக்கணக்கை ஒப்பித்துவிட்டு வயலுக்கே செல்கிறான், அங்கு மாடு முட்டி வீழ்கிறான்.