மூன்று கட்டுகளும் ஓர் இறாலும்

கதை எழுதுகிறவனிடம் ஆராய்ச்சிக் கட்டுரைகளைக் கொடுத்து அபிப்பிராயம் கேட்பது கொஞ்சம் விபரீதமான காரியம். அதிலும் நான் கல்லூரியில் இரண்டே வருஷம் படித்துவிட்டு வெளியே வந்தவன். ஆனால் திருவொற்றியூர் நண்பர் ஒருவர் விடவில்லை. காட்டுப்பள்ளியையும் அதன் இரு பக்கத்து நீர்நிலைகளான எண்ணூரையும் பழவேற்காட்டையும் பற்றி வந்த கட்டுரைகளை வருஷக்கணக்காகச் சேர்த்து வருகிறவர் அவர். பொறியியல் ஒரு கட்டு, பொருளாதாரம் ஒரு கட்டு, உயிரியல் ஒரு கட்டு என்று சணல் கயிறு போட்டுக் கட்டி, "நாவல் படிக்கிற மாதிரி படித்துப் பாருங்கள்" என்று என் தலையில் சுமத்திவிட்டார்.

அப்படியே படித்தேன். மூன்று வாரம் ஆயிற்று.

காட்டுப்பள்ளி ஒரு தீவு என்று சொன்னால் பட்டணத்து வாசகர் பலர் நம்பமாட்டார்கள். கிழக்கே கடல், மேற்கே பக்கிங்ஹாம் கால்வாயும் கொசஸ்தலை ஆற்றின் உப்பங்கழியும், தெற்கே எண்ணூர் முகத்துவாரம், வடக்கே பழவேற்காடு. பக்கத்தில் அனல் மின் நிலையம் வந்தது. 2001-இல் எண்ணூர்த் துறைமுகம் வந்தது. 2013-இல் காட்டுப்பள்ளியிலேயே ஒரு துறைமுகம் திறந்தார்கள். 2018-இல் அது அதானி நிறுவனத்தின் கைக்குப் போயிற்று. சுமார் 330 ஏக்கரில் இருந்த துறைமுகத்தை 6,000 ஏக்கருக்கு மேல் விரிப்பதற்குப் பிறகு ஒரு திட்டம் போட்டார்கள். கட்டுரைகள் பெருகினதில் ஆச்சரியமில்லை.

முதலில் பொறியியல் கட்டு. இவர்களுடைய எழுத்தில் தெளிவு இருக்கிறது என்பதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். இந்தக் கரையோரமாக வருஷத்தின் பெரும்பகுதி மணல் தெற்கிலிருந்து வடக்கே நகர்ந்துகொண்டே இருக்கிறது. குறுக்கே ஒரு சுவர் கட்டினால் சுவருக்குத் தெற்கே மணல் சேரும். வடக்கே கரை கரையும். 1870-களில் சென்னைத் துறைமுகத்துக்குச் சுவர் எழுப்பத் தொடங்கியதிலிருந்து இதுதான் நடந்திருக்கிறது. மெரினாவில் காற்று வாங்குகிறவர் உட்கார்ந்திருப்பது ராயபுரத்துக்குப் போய்ச் சேர்ந்திருக்கவேண்டிய மணலில். ராயபுரத்திலிருந்து எண்ணூர் வரை கடலோரம் கருங்கல்லாகக் கொட்டிக் கிடப்பதற்கும் அதுதான் காரணம். நல்ல கதைதான். ஆனால் கதாநாயகன் மணல் மட்டுமே. "கரை பின்வாங்கியது" என்று எழுதுகிறார்கள். கரையில் இருந்தவர்கள் எங்கே பின்வாங்கினார்கள் என்பது அவர்கள் பாடத்தில் இல்லை.

உயிரியல் கட்டு நடையில் வறட்சி, விஷயமோ காவியத்துக்குரியது. வெள்ளை இறால் கடலில் முட்டையிடுகிறது. குஞ்சு, நகக்கண் அளவுகூட இல்லாத பருவத்தில், அலையோடு முகத்துவாரம் வழியாக உப்பங்கழிக்குள் நுழைகிறது. சில மாதம் சேற்றில் மேய்ந்து வளர்ந்து, மறுபடி அதே வாசல் வழியாகக் கடலுக்குத் திரும்புகிறது. இதைப் பத்து அட்டவணைக்குள் ஒளித்து வைத்துவிடுகிறார்கள். விதிவிலக்கு உண்டு. சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரியில் விலங்கியல் பேராசிரியராக இருந்த சஞ்சீவ ராஜ் பழவேற்காட்டு ஏரியிலேயே வெகுகாலம் ஆராய்ந்தவர். நண்டையும் இறாலையும் எண்ணியவர், அவற்றைப் பிடிக்கிற மனிதர்களைப் பற்றியும் கவலைப்பட்டு எழுதினார். அவரைப் படிக்கும்போது ஏரிக்கரையில் யாரோ நடமாடுகிற உணர்வு வருகிறது.

மூன்றாவது கட்டில்தான் எனக்கு உண்மையாகவே ருசி தட்டியது. 'பாடு' என்று ஒரு ஏற்பாடு. உப்பங்கழியில் வலை கட்டும் இடங்களைச் சீட்டுப் போட்டு முறை வைத்துக்கொள்கிறார்கள். இன்று நல்ல இடம் கிடைத்தவனுக்கு அடுத்த முறை வேறு இடம். சர்க்கார் உத்தரவு இல்லை, கோர்ட்டு இல்லை, ஊரே நடத்துகிறது. இதை வெறுமே புகழ்ந்துவிட்டுப் போகாமல், பாட்டில் இடம் இல்லாதவர்களும் அதே கரையில் இருக்கிறார்கள், ஜாதியும் பிறப்பும் அங்கேயும் வாசல் காக்கின்றன என்று எழுதியிருப்பவர்களைப் பாராட்டவேண்டும். சாரா கூல்தார்ட் 2008-இல் பழவேற்காட்டைப் பற்றி எழுதிய கட்டுரை அந்த ரகம். ஆனால் இந்தக் கட்டில் பல இடங்களில் இறால் வெறும் வரவுக் கணக்காகத்தான் வருகிறது. எங்கிருந்து வந்தது என்று யாரும் கேட்பதில்லை.

என் கட்சி என்னவென்றால், இவை மூன்று சாஸ்திரங்கள் அல்ல. ஒரே கதையின் மூன்று அத்தியாயங்கள். மணல் சேர்ந்து முகத்துவாரம் அடைபட்டால் பொறியியல்காரர் "தூர் வாரலாம்" என்று எழுதுகிறார். வாரலாம். எந்த மாதத்தில்? குஞ்சு நுழைகிற பருவம் கடந்தபின் வாரினால் தண்ணீர் வரும், அந்த வருஷத்து இறால் வராது. இறால் வராத கழியில் சீட்டுப் போட்டு என்ன பிரயோஜனம்? சீட்டில் நியாயம் இருப்பது எல்லா இடத்துக்கும் ஒரு வாய்ப்பு இருக்கிற வரையில்தான். கல் சுவர் ஒன்று ஊர்ப் பஞ்சாயத்தின் நியாயத்தையே குலைத்துவிடக் கூடும் என்பதுதான் இந்தக் கட்டுகளுக்குள் கிடக்கிற பெரிய விஷயம். அதை எழுத ஆள் இல்லை. ஒருவர் நிறுத்துகிற இடத்தில் அடுத்தவர் தொடங்குகிறார். இருவரும் சந்திப்பதே இல்லை.

ஒவ்வொருவரும் தம் துறையில் ஆழமாகப் போகவேண்டாமா என்று கேட்பார்கள். போகவேண்டியதுதான். எல்லாம் தெரிந்தவர்போல் எழுதுகிறவர்களிடம் எனக்கும் பயம் உண்டு. ஆனால் சேர்த்துத்தான் ஆகவேண்டும் என்று சட்டமே சொல்கிற ஓர் இடம் இருக்கிறது. அதுதான் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிக்கை. 2006-ஆம் வருஷத்து அரசாணை அதற்குப் பன்னிரண்டு அத்தியாயம் வகுத்திருக்கிறது. கதைக்கட்டு என்ற அளவில் அதைப் பார்த்தேன். திட்டம் இரண்டாவது அத்தியாயத்திலேயே வந்துவிடுகிறது. மக்கள் சொல்வதும் அவர்களுக்கு நேரும் சமூகப் பாதிப்பும் ஏழாவதில், 'கூடுதல் ஆய்வுகள்' என்ற தலைப்பின் கீழ். வாழப்போகிறவனும் வெளியேறப்போகிறவனும் கூடுதலாம்! எட்டாவதில் திட்டத்தின் நன்மைகள். நாவலாசிரியன் எவனாவது இப்படிக் கட்டினால் நாம் விடுவோமா?

ஊர்க்காரனுக்குத் தமிழில் கிடைப்பது சுருக்கம் மட்டும். அதைப் படித்துக்கொண்டு கருத்துக் கேட்புக் கூட்டத்தில் நின்று பேசவேண்டும். காட்டுப்பள்ளி விரிவாக்கத்துக்கான கூட்டத்தை 2021 ஜனவரி 22 என்று அறிவித்துத் தள்ளிவைத்தார்கள். 2023 செப்டம்பர் 5 என்று அறிவித்து அதையும் தள்ளிவைத்தார்கள்.

எங்கள் ஜாதியையும் சொல்லிவிடவேண்டும். மயிலாப்பூரையும் திருவல்லிக்கேணியையும் பற்றி நாங்கள் எழுதித் தள்ளியிருக்கிற பக்கங்களில் கால்வாசி எண்ணூருக்குக் கிடைத்திருந்தால், நண்பர் இந்தக் கட்டுகளைச் சுமந்துகொண்டு என்னிடம் வந்திருக்கமாட்டார். என் கதைகளில் வடக்கே போகிற ரயில் எதுவும் திருவொற்றியூரில் நின்றதில்லை.

போன மாதம் உயிரியல் கட்டை மட்டும் எடுத்துக்கொண்டு எண்ணூர்ப் பக்கம் போயிருந்தேன். கழியோரத்தில் கூடையோடு உட்கார்ந்திருந்த அம்மாள் ஒருவர் காகிதங்களைப் பார்த்துவிட்டு, "எங்க எறா எத்தினியாவது பக்கத்துல வருது சார்?" என்றார். தேடி எடுத்து, லத்தீன் பெயரை வாசித்துக் காட்டினேன். பீனேயஸ் இண்டிகஸ். "நம்ம வெள்ளெறாவா? அட!" என்று சிரித்தார். பிறகு, "அது உள்ள வர்றதுக்கு வழி இருக்குமான்னு எங்க எழுதிக்கீது?" என்று கேட்டார்.

அது வேறு கட்டில் இருந்தது. அதை நான் வீட்டிலேயே வைத்துவிட்டு வந்திருந்தேன்.