ஜெயித்தவர்களின் வீடு

கதை எழுதுகிறவனுக்கு ஆரம்பத்தைவிட முடிவுதான் பெரிய தொல்லை. கல்யாணத்தோடு முடித்துவிடலாம், கோர்ட்டில் தீர்ப்பு வந்ததோடு முடித்துவிடலாம். வாசகரும் புத்தகத்தை மூடி வைத்துவிட்டு நிம்மதியாகத் தூங்கப் போவார். அப்படி முடித்த கதைகள் என் கணக்கிலும் உண்டு. ஆனால் முடிக்கும்போதெல்லாம் வியாசரை நினைத்துக் கொஞ்சம் வெட்கமாக இருக்கும்.

மகாபாரதத்தில் 18 பர்வங்கள். சண்டை 6-ஆவதான பீஷ்ம பர்வத்தில் ஆரம்பிக்கிறது. தூங்குகிறவர்களை அசுவத்தாமன் கொன்று குவிக்கும் சௌப்திக பர்வத்தோடு அது தீர்ந்துவிடுகிறது. அது 10-ஆவது. அதற்கப்புறம் இன்னும் 8 பர்வங்கள் இருக்கின்றன! தமிழில் பாரதம் பாடிய வில்லிபுத்தூரார் 10 பருவங்களோடு நிறுத்திக்கொண்டார். மிச்சத்தையும் சேர்த்துப் பாட 18-ஆம் நூற்றாண்டில் நல்லாப்பிள்ளை வரவேண்டியிருந்தது. என்றாலும் ஜனங்களுக்குப் பிடித்தது வில்லியார் நிறுத்திய இடந்தான் போலிருக்கிறது. கிராமத்தில் பாரதக் கூத்து நடக்கும்போது பாருங்கள். படுகளத்தில் துரியோதனனுடைய மண்ணுருவம் சிதைந்து, திரௌபதி கூந்தலை முடிந்துகொண்டதும் கூடியிருப்பவர்களுக்கு மனம் நிறைந்துவிடுகிறது. சபதம் நிறைவேறிவிட்டது, இனி என்ன இருக்கிறது?

இனிமேல்தான் இருக்கிறது என்பது வியாசருடைய அபிப்பிராயம்.

எனக்கு வடமொழிப் புலமை கிடையாது. கும்பகோணத்தில் ம. வீ. இராமானுஜாசாரியார் பதிப்பித்த தமிழ் மொழிபெயர்ப்பைக் கொண்டுதான் படித்தேன். சாந்தி பர்வத்திலும் அநுசாசன பர்வத்திலும் பல பக்கங்களைத் தள்ளிவிட்டேன் என்பதையும் ஒப்புக்கொண்டுவிடுகிறேன். 15-ஆவதான ஆசிரமவாசிக பர்வத்துக்கு வந்தபோதுதான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். இது யுத்தக் கதையே அல்ல, வீட்டுக் கதை. என்னைப் போன்றவர்கள் எழுத முயல்கிற கதை.

யுத்தத்தின் கொடுமையைக் காட்டியது ஸ்திரீ பர்வம் என்று எல்லோரும் சொல்வார்கள். வாஸ்தவம். போர்க்களத்தில் கிடக்கும் உடல்களுக்கு நடுவே காந்தாரி புலம்புகிற இடம் கல்லையும் கரைக்கும். ஆனால் அழுகை ஒரு நாளில் ஓய்ந்துவிடும். மறுநாள் காலையில் எழுந்து ஒருவர் முகத்தில் ஒருவர் விழிக்க வேண்டுமே, அது எப்படி? ஜெயித்தவர்களும் தோற்றவர்களைப் பெற்றவர்களும் ஒரே அரண்மனையில் 15 வருஷம் வாழ்ந்தார்கள் என்கிறார் வியாசர். இந்த 15 வருஷத்தைச் சொல்லத் துணிந்ததற்காகவே அவரை நாவலாசிரியர்களின் குரு என்பேன்.

வெளிப்பார்வைக்கு எல்லாம் ஒழுங்காக நடக்கிறது. பெரியவர் மனம் நோகும்படி யாரும் ஒரு வார்த்தை பேசக் கூடாது என்பது தருமருடைய கட்டளை. சமையல்காரர்கள் முன்போலவே சமைக்கிறார்கள். குந்தி காந்தாரிக்குப் பணிவிடை செய்கிறாள். திரௌபதி இரண்டு மாமியார்களையும் ஒன்றாகவே பாவிக்கிறாள். பீமன் ஒருவனுக்குத்தான் மனம் ஆறவில்லை. ஆட்களை விட்டுக் கிழவருடைய உத்தரவுகளை ரகசியமாகத் தட்டிவிடுகிறான். ஒரு நாள் சிநேகிதர்கள் நடுவே உட்கார்ந்து தோளைத் தட்டிக்கொள்கிறான். குருட்டு ராஜாவின் பிள்ளைகளையெல்லாம் யமலோகத்துக்கு அனுப்பியது இந்தக் கைகள்தாம் என்று, திருதராஷ்டிரனுக்கும் காந்தாரிக்கும் கேட்கும்படி பேசுகிறான்.

சூதாட்ட மண்டபத்தை இந்த இடத்தில் ஞாபகப்படுத்திக்கொள்ளுங்கள். அன்று பகடை உருளும் சத்தம் கேட்கும்போதெல்லாம், ஜெயித்தாயிற்றா, ஜெயித்தாயிற்றா என்று ஆவலோடு விசாரித்தவன் இந்தத் திருதராஷ்டிரன்தான். கண்ணில்லாதவன் காதால் செய்த பாவம் அது. இன்று அந்தக் காதிலேயே வந்து விழுகிறது பீமனுடைய தோள்தட்டு. வியாசர் இரண்டையும் சேர்த்துச் சொல்லவில்லை. சொல்ல வேண்டியதும் இல்லை.

இதில் என்னை உலுக்கியது வேறொன்று. இந்தச் சங்கதி தருமருக்குத் தெரியாது, அருச்சுனனுக்குத் தெரியாது, குந்திக்கும் திரௌபதிக்கும் தெரியாது. கிழவர் தரையில் படுத்து, அரை வயிற்றுக்கும் குறைவாகச் சாப்பிட்டு உடம்பை வற்றடித்துக்கொண்டு வந்ததும் காந்தாரி ஒருத்தியைத் தவிர யாருக்கும் தெரியாது. வனத்துக்குப் போக அவர் உத்தரவு கேட்டு மயங்கிச் சாய்ந்த பிறகுதான், அந்த எலும்புக்கூட்டைத் தொட்டுப் பார்த்துத் தருமர் பதறுகிறார். தரும ராஜ்யம் நடத்துகிறவருக்குத் தன் வீட்டு அடுத்த கட்டில் நடப்பது தெரியவில்லை!

என் தகப்பனாருக்கும் பெரியப்பாவுக்கும் நிலத்தைப் பற்றி வழக்கு நடந்தது. ஜெயித்தது நாங்கள். பெரியப்பா பின்கட்டில் தங்கினார். மரியாதைக்கு ஒரு குறையும் இல்லை. தினம் காலையில் என் தாயார் காபி கொடுத்து அனுப்புவாள். எனக்கு அப்போது 12 வயது. ஒரு நாள், பெரியப்பாவின் சாட்சி குறுக்கு விசாரணையில் உளறியதைச் சிநேகிதன் ஒருவனுக்கு நடித்துக் காட்டினேன். சுவருக்கு அந்தப் பக்கம் ஓர் இருமல் கேட்டது, உடனே அடங்கிவிட்டது. அவர் அங்கே இருக்கிறார் என்பது எனக்கு முன்பே தெரியும். அதனால்தான் அவ்வளவு உரக்கப் பேசினேன். மறுநாள் காபி டம்ளர் ஆடை படிந்து அப்படியே திரும்பி வந்தது. அந்த மாதமே அவர் மகள் வீட்டுக்குப் போய்விட்டார், திரும்பவில்லை. "அண்ணாவுக்கு எப்போதும் பிடிவாதந்தான்" என்றார் தகப்பனார். நான் வாயைத் திறக்கவில்லை.

ஆகையால் பீமனைத் திட்ட எனக்கு யோக்கியதை இல்லை. அவன் பக்கத்திலும் நியாயம் இருக்கிறது. விஷம் சாப்பிட்டவன் அவன். அரக்கு மாளிகையிலிருந்து எல்லோரையும் தூக்கிக்கொண்டு ஓடியவன் அவன். ஆனால் நியாயம் மட்டும் போதவில்லை என்பதை வியாசர் இன்னொரு காட்சியில் வைக்கிறார். வனம் போகுமுன் பீஷ்மருக்கும் துரோணருக்கும் பிள்ளைகளுக்கும் சிராத்தம் செய்யத் திருதராஷ்டிரன் பொருள் கேட்டு அனுப்புகிறான். பீமன் மறுக்கிறான். பீஷ்மருக்கு நாமே செய்யலாம். கர்ணனுக்குக் குந்தி செய்யட்டும். அவர் பிள்ளைகளுக்கு எதற்கு என்கிறான். நேற்று நாம் யாசித்தவர் இன்று நம்மை யாசிக்கிறார் என்று அருச்சுனன் எடுத்துச் சொல்லியும் கேட்கவில்லை. கடைசியில் தருமர், என் பொருளிலிருந்தும் அருச்சுனன் பொருளிலிருந்தும் எடுத்துக்கொள்ளட்டும், பீமன் மேல் கோபிக்க வேண்டாம் என்று சொல்லி அனுப்புகிறார். சாம்ராஜ்யம் முழுவதும் கைக்கு வந்துவிட்டது. செத்தவர்களுக்குப் பிண்டம் போடக் கணக்குப் பார்க்கிறார்கள்.

அப்புறம் அந்தப் புறப்பாடு. குந்தி முன்னால் போகிறாள். கண்ணைக் கட்டிக்கொண்ட காந்தாரி அவள் தோளைப் பிடித்துக்கொண்டிருக்கிறாள். காந்தாரியின் தோளில் திருதராஷ்டிரனுடைய கை. வழியனுப்ப வந்த குந்தி திரும்பப் போவதில்லை என்று தெரிந்ததும் பிள்ளைகள் கதறுகிறார்கள். இதற்குத்தான் என்றால் எங்களை ஏன் யுத்தத்துக்குத் தூண்டினாய் என்று பீமன் கேட்கிறான். நீங்கள் அழிந்துபோகக் கூடாது என்றுதான் தூண்டினேன். பிள்ளைகள் ஜெயித்த ராஜ்யத்தை அநுபவிக்க எனக்கு ஆசையில்லை என்கிறாள் அவள். பிறகு அந்த மூவரும் காட்டுத்தீயில் மாண்டார்கள் என்ற செய்தியை நாரதர்தான் கொண்டுவர வேண்டியிருக்கிறது.

யுத்தத்துக்குக் கொடுத்த விலையைச் செத்தவர்களின் தொகையாகத்தான் நாம் எண்ணிப் பழகியிருக்கிறோம். வியாசர் இன்னொரு கணக்கும் வைத்திருக்கிறார். அந்தக் கணக்கில் இருப்பது பெரியவர்கள் இருக்க முடியாமல் போன ஒரு வீடு. ஜெயித்தவர்களைப் பெற்ற தாயாரும் அந்த வீட்டை விட்டுப் போய்விடுகிறாள்.

உங்கள் ஊர் நூல் நிலையத்தில் பாரதம் இருந்தால் கடைசிப் பாகத்தை எடுத்துப் பாருங்கள். ஆசிரமவாசிக பர்வம் சின்னதுதான்; இரண்டு மூன்று இரவுகளில் படித்துவிடலாம். படித்து முடித்ததும், பின்கட்டில் யாராவது பெரியவர் இருந்தால், காபி குடித்தாரா என்று ஒரு தடவை நீங்களே போய் விசாரித்துவிட்டு வாருங்கள்.