கீறல்கள் போன பிறகு

டி. டபிள்யூ. கிரிஃபித்தின் ‘தி பர்த் ஆஃப் எ நேஷன்’ (1915) ஊமைப்படத்தைப் பல பத்தாண்டுகளாகப் பார்த்தவர்களில் பெரும்பாலோர் பார்த்தது அதன் ஆவியைத்தான். பிரதிக்குப் பிரதி எடுத்து வெளிறிய முகங்கள், மழைபோல் விழும் கீறல்கள். ஊமைப்பட வேகத்தில் எடுத்ததைப் பேசும்பட வேகத்தில் ஓட்டியதால் ஆட்கள் குடுகுடுவென்று ஓடுவார்கள். அப்படிப் பார்க்கையில் அது கொஞ்சம் சிரிப்பூட்டும் பழைய சாமான். அதன் நிறவெறியும் பழைய சாமான்தான் என்று எழுந்து போய்விடலாம்.

2011-இல் அமெரிக்காவில் கினோ நிறுவனமும், நூற்றாண்டையொட்டி 2015-இல் பிரிட்டிஷ் திரைப்படக் கழகமும் வெளியிட்ட புளூ-ரே வட்டுகள் அந்த வசதியைப் பறித்துவிட்டன. காட்சிக்கேற்ற நிறப்பூச்சு, சரியான வேகம், ஜோசப் கார்ல் பிரீல் அன்று தொகுத்தமைத்த இசை எல்லாம் திரும்பி வந்திருக்கின்றன. பில்லி பிட்ஸர் படமாக்கிய போர்க்களப் புகையிலிருந்து கண்ணை எடுக்க முடியவில்லை. உச்சக்கட்டத்தில் வெள்ளை அங்கி அணிந்த கூ கிளக்ஸ் கிளான் என்ற வெள்ளை நிறவெறிக் கூட்டம் குதிரைகளில் விரைகிறது. வாக்னரின் இசை ஏறுகிறது. குடிசைக்குள் சிக்கிய குடும்பமும் குதிரைகளும் மாறி மாறி வருகின்றன. ‘சீக்கிரம் வாருங்களேன்’ என்று மனம் ஒரு கணம் தவித்தது. யாரை அழைத்தேன் என்பது உறைத்ததும் உடம்பு கூசியது.

மீட்பின் பெரிய பலன் அந்தக் கூச்சம்தான். மங்கிய பிரதி அதைத் தராது. அதே 1915-இல் ஜார்ஜியாவின் ஸ்டோன் மௌண்டன் மலைமேல் கிளான் இயக்கம் மறுபிறப்பு எடுத்தது. பிறகு ஆள் சேர்க்க இந்தப் படத்தையே திரையிட்டார்கள். ஒரு படத்துக்கு அந்த வலு எங்கிருந்து வந்தது என்பதைத் துல்லியமான பிரதிதான் காட்டுகிறது. இன்னொன்றையும் அது காட்டிக்கொடுக்கிறது: கருப்பராக நடிக்கும் வால்டர் லாங்கின் முகத்தில் இருப்பது சாயம் என்பது இப்போது ஒளிக்க முடியாதபடி தெரிகிறது.

குறை, படச்சுருளை மட்டும் மீட்டதில் இருக்கிறது. 1915-இல் இந்தப் படம் எதிர்ப்போடு சேர்ந்தே ஊர் ஊராகப் போனது. பாஸ்டனில் அரங்கு வாசலில் வில்லியம் மன்றோ ட்ராட்டர் தலைமையில் கருப்பின மக்கள் திரண்டார்கள், அவர் கைதானார். ஓஹாயோவும் கான்சஸும் தடை போட்டன. வாசலில் எழுந்த கூச்சலைக் கடந்துதான் பலர் உள்ளே போனார்கள். வீட்டில் பார்ப்பவருக்கு வாசலும் இல்லை, கூச்சலும் இல்லை. அந்த வரலாறு அதிகம்போனால் கூடுதல் பகுதியில், விருப்பமிருந்தால் அழுத்தும் பொத்தானுக்குப் பின்னால் இருக்கும். 1930 மறுவெளியீட்டுக்காக கிரிஃபித் நடிகர் வால்டர் ஹூஸ்டனோடு பேசும் முன்னுரை மட்டும் தவறாமல் இடம்பெறுகிறது. குற்றம் சாட்டியவர்கள் கூண்டுக்கு வருமுன் எதிர்த்தரப்பு வாதம் முடிந்துவிடுகிறது!

எனக்கு அதைவிட உறுத்துவது வேறு. கிரிஃபித்தின் படம் பணம் கொட்டியது. அதனால் பிரதிகளும் ஏராளம். எதை அடிப்படையாகக் கொள்வது என்பதுதான் மீட்பவரின் சிக்கல். கருப்பின இயக்குநர் ஆஸ்கார் மிஷோவின் ‘விதின் அவர் கேட்ஸ்’ (1920) படத்துக்கு மிஞ்சியது ஒரே பிரதி. அதுவும் ஸ்பெயினில், ‘லா நெக்ரா’ என்ற பெயரில். அமெரிக்காவின் லைப்ரரி ஆஃப் காங்கிரஸ் அதை மீட்டபோது, ஸ்பானிய எழுத்தட்டைகளைத் திரும்ப ஆங்கிலத்துக்குக் கொண்டுவர வேண்டியிருந்தது. கும்பல் தூக்கிலிடுவது கருப்பினத் தம்பதியை, பெண்மேல் பாய்பவன் வெள்ளையன் என்று கிரிஃபித்தின் கதையை அப்படியே புரட்டிப்போட்ட படம் அது. கருப்பினப் படங்களின் தனித் தொகுப்பில் 2016-இல்தான் புளூ-ரேயாக வந்தது. என் கையில் அதிகாரம் இருந்தால் இரண்டையும் ஒரே பெட்டியில் போட்டுத்தான் விற்பேன்.

மிஷோவின் படத்தில் நடுவே ஒரு சிறு பகுதி கிடைக்கவே இல்லை. அந்த இடத்தில் ஓர் எழுத்தட்டை வந்துபோகிறது. கிரிஃபித்தின் படத்தில் குதிரைக் குளம்புகள் கிளப்பும் தூசிகூடத் தெளிவாகத் தெரிகிறது.