கட்டியக்காரன் கேட்கும் கேள்வி

பாரதம் தெரியாதவரைக் கூத்துக்கு அழைத்துப் போகத் தயங்கவே வேண்டாம். காஞ்சிபுரம் வட்டாரத்தில் திரௌபதி அம்மன் திருவிழா என்றால் பகலில் பாரதப் பிரசங்கம், இரவில் விடிய விடியக் கட்டைக்கூத்து. எத்தனை கிளைக்கதை, எத்தனை சாபம்! புதிதாக வருபவருக்குக் கைகொடுப்பவர், கூத்தின் கோமாளியும் அறிவிப்பாளருமான கட்டியக்காரன்தான்.

இருவர் திரை பிடித்து நிற்க, அதற்கு மேலே கர்ணனின் கட்டைக் கிரீடம் மட்டும் மின்னும். தாங்கள் யார், எந்த நாடு, என்ன காரியமாகச் சபைக்கு வந்தீர்கள் என்று கட்டியக்காரன் கேட்பார். ராஜா தன் வரலாற்றைத் தானே சொல்லுவார். நாம் கேட்கக் கூசும் கேள்வியை அவர் நமக்காகக் கேட்டுவிடுகிறார். ‘கர்ண மோட்சம்’ கூத்தில் கர்ணனின் மனைவி பொன்னுருவியின் கோபம் புரிய எது வேண்டுமோ, அதை மட்டும் பேச்சுத் தமிழில் எடுத்துக் கொடுப்பார், மீதிக் கதை பிறகு. அந்த அளவறிதல்தான் எனக்குப் பெரிய கலை. தொடக்கத்திலேயே ஆயிரம் வருஷ ராஜ்ஜிய வரலாற்றைக் கொட்டும் வீடியோ கேம்களைப் பார்த்தால், அவற்றை எழுதியவர்கள் ஓர் இரவு இங்கே உட்கார்ந்திருக்கலாமே என்று தோன்றும்.

பி. ராஜகோபாலும் சக கலைஞர்களும் 1990இல் தொடங்கிய கட்டைக்கூத்துச் சங்கம், பின்னர் காஞ்சிபுரத்துக்குப் பக்கத்துப் புஞ்சரசந்தாங்கலில் குருகுலம் நடத்திப் பெண்பிள்ளைகளுக்கும் இந்தக் கலையைக் கற்றுக்கொடுத்தது.